ரெண்டு குடம் நல்ல தண்ணியும் ஒரு சுருட்டைத் தலையும்

எங்கள் வீட்டில் தலைக்குக் குளிக்கும் நாளன்று முதலில் பார்ப்பது ஷாம்பு இருக்கிறதா என்று இல்லை, நல்ல தண்ணி இருக்கிறதா என்றுதான். வட சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குடிக்கவும் சமைக்கவும் மெட்ரோ தண்ணி, அதாவது குடிநீர் வாரியம் விடும் தண்ணி. அதுதான் நல்ல தண்ணி. குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் போர் தண்ணி. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தெருக்களில் அந்தப் போர் தண்ணியில் ரசம் வைத்தால் உப்புச் செலவு மிச்சம். கோரை முடிக்காரர்கள் அதிலேயே நாலு சொம்பு ஊற்றி, துவட்டி, பின்னிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சுருட்டை முடியை அப்படி விட்டால் சாயங்காலத்துக்குள் தலை இரண்டு மடங்காகிவிடும்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை, வாழ்க்கைப்பட்டது திருவொற்றியூர். வீடு மாறினாலும் கடல் காற்றும் உப்புத் தண்ணியும் மாறவில்லை. இப்போது யூடியூபைத் திறந்தால் சுருட்டை முடிக்கு வழி சொல்ல ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான், நான் சின்ன வயதில் ஏங்கியது இதற்குத்தான். ஆனால் அத்தனை பேரும் ஷவருக்குக் கீழே நிற்கிறார்கள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, அவர்கள் நிதானமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குக் கண் அவர்கள் முடிமேல் போகாது, காலடியில் ஓடும் தண்ணீர்மேல்தான் போகும். நான் என் தலையைப் பழக்கிய கதை முக்கால்வாசி தண்ணீரோடு மல்லுக்கட்டிய கதை. எண்ணெய், ஷாம்பு, பார்லர் எல்லாம் மிச்சக் கால்வாசிக்குள் அடங்கிவிடும்.

"சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும்" என்று ஆயா அடிக்கடி சொல்லும். சொன்ன வாய் மூடுவதற்குள் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், "இன்னாடி இது, தலையா தேங்கா நாரா?" என்று கேட்கும். பழமொழி பெண் பார்க்க வருகிறவர்களுக்கு, சீப்பு பிடிக்கிறவர்களுக்கு இல்லை. அம்மாவுக்குக் கோரை முடி, இடுப்புக்குக் கீழே தொங்கும். என்னுடையது அப்பா வழி. அப்பாவுக்கும் இதே முடிதான், ஆனால் மாதம் தவறாமல் ஒட்ட வெட்டிக்கொள்வார் என்பதால் ஒருத்தர் கண்ணிலும் பட்டதில்லை. ஆம்பளைகளை வளர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் தெரியும்.

தெருவில் எனக்குப் பரட்டை, சாய்பாபா என்று பல பேர். கடைகளில் நூடுல்ஸ் வந்தபிறகு அதுவும் சேர்ந்துகொண்டது. திருத்தணியில் மொட்டை போட்டால் நேராக வளரும் என்று யாரோ அம்மாவுக்குச் சொல்ல, போட்டார்கள். அதே சுருளோடு வளர்ந்தது. முருகன்மேல் தப்பில்லை. முடி சுருள்வது தோலுக்கு உள்ளே, வேர்ப்பையில் முடிவாகிற விஷயம். நேர் முடியின் வேர்ப்பை நேராக இறங்கியிருக்கும், முடியை வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்கும். சுருட்டை முடியின் வேர்ப்பை வளைந்திருக்கும், முடி சற்றுத் தட்டையான நீள்வட்டமாக இருக்கும். மேலே மழித்தால் உள்ளே இருக்கும் அச்சு மாறாது.

இன்னொன்றும் இதிலேயே இருக்கிறது. உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய்ப்பசை நேர் முடியில் சறுக்கிக்கொண்டு நுனி வரை இறங்கிவிடும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று பாதியிலேயே தங்கிவிடும். அதனால்தான் எங்களுக்கு மண்டை பிசுபிசுவென்றும் நுனி வறண்டும் இருக்கிறது. இது தெரியாமல் "தலைக்கு எண்ணெயே வெக்கிறதில்ல போல" என்று கல்யாண வீடுகளில் சொல்லிவிட்டுப் போன அத்தைகள் எத்தனையோ பேர். எண்ணெய் வழிய வழியத்தான் போயிருப்பேன்.

வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய்க் குளியல். அன்றைக்கு அரிசி வடித்த கஞ்சியை அம்மா குண்டானோடு ஓரமாக எடுத்து வைக்கும். சீயக்காய்த் தூள் மில்லில் அரைத்தது. சீயக்காய்க்கென்று அங்கே தனி மெஷின் உண்டு, அது ஓடும்போது பக்கத்தில் நின்றால் தும்மல் நிற்காது. சீயக்காயோடு பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, வெயிலில் காயவைத்த எலுமிச்சைத் தோல். இளஞ்சூட்டுக் கஞ்சியில் இந்தத் தூளைக் கரைத்தால் கொழகொழவென்று வரும். அதைத் தலையில் அப்பி, ஆயா விரலாலேயே பிரித்து இழுக்கும். காலையில் சீப்பு உள்ளே போக மறுத்த இடத்திலெல்லாம் விரல் வழுக்கிக்கொண்டு இறங்கும். கண் எரியும், நான் கத்துவேன், ஆனால் வாரத்தில் வலிக்காமல் சிக்கு எடுக்கும் நேரம் அது ஒன்றுதான்.

ஒரே தொல்லை, திப்பி. நேர் முடியில் அலசினால் போய்விடும். சுருளுக்குள் புகுந்தது போகாது. காய்ந்தபிறகு தலையை உதறினால் யூனிஃபார்ம் தோள்பட்டையில் பழுப்பாகக் கொட்டும். பிறகு ஆயாவே பழைய வேட்டித் துணியில் வடிகட்டி எடுக்க ஆரம்பித்தது.

அந்தக் கஞ்சியும் சீயக்காயும் எங்கள் தண்ணிக்கென்றே அமைந்தவை என்பது பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. எங்கள் நிலத்தடி நீரில் சாப்பாட்டு உப்பு மட்டும் இல்லை, கால்சியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. சோப்பு இந்த இரண்டோடும் சேர்ந்தால் நுரைக்காது, திரிதிரியாகத் திரிந்து வெள்ளைப் படலமாக முடியில் ஒட்டிக்கொள்ளும். பக்கெட்டின் உள்பக்கம் பிடிக்கிறதே, அதேதான் தலையிலும். சீயக்காயில் நுரை தரும் சப்போனின் என்ற பொருள் அப்படித் திரியாது. அதோடு சோப்பு காரம், சீயக்காய் லேசான புளிப்பு. முடிக்குக் காரம் ஆகாது, மேல்தோலின் செதில்கள் விரிந்து சொரசொரப்பாகிவிடும். புளிப்பில் செதில்கள் படியும். கஞ்சியின் மாவுச்சத்து மேலே மெல்லிசாகப் பூசிக்கொண்டு வழுவழுப்பைக் கொடுத்தது. கண்டிஷனர் என்ற சொல்லே தெருவுக்குள் வராத காலத்தில் ஆயாவிடம் கண்டிஷனர் இருந்திருக்கிறது. பாட்டி வைத்தியம் என்றாலே கையெடுத்துக் கும்பிடுகிற ஆள் இல்லை நான். தலையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பேன் கொன்றதும் இதே பாட்டிகள்தான். ஆனால் இந்த ஒன்றில் ஆயா சரி.

அப்புறம் சாஷே வந்தது. கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் சாஷேயில் அடைத்து விற்கும் வழியைக் காட்ட, அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும். சில்லறைக் காசுக்கு ஒரு தலைக்குளியல். தெருவில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் அது விடுதலைதான், இடிக்க வேண்டாம், அரைக்க வேண்டாம், திப்பி இல்லை. ஷாம்பு சோப்பைப் போல் உப்புத் தண்ணியில் திரிவதும் இல்லை. எனக்கு மட்டும் சிக்கல். ஷாம்பு இருந்த கொஞ்சநஞ்ச எண்ணெயையும் வழித்து எடுத்துவிடும், போர் தண்ணி மேலே உப்பைப் பூசிவிடும், பின்னால் போட ஒன்றுமில்லை. காய்ந்ததும் முடி நாலாபக்கமும் எழுந்து நிற்கும். அதை அடக்க மறுபடி எண்ணெய், இறுக்கி ரெண்டு ஜடை, மடித்து ரிப்பன். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது சரியாகத்தான் இருக்கும். மத்தியானம் கடல் காற்று திரும்பும் பாருங்கள், நெற்றியைச் சுற்றி ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

அது ஏன் என்பதைப் பிளஸ் டூ வேதியியல் படித்தவர்கள் யோசித்தால் பிடித்துவிடலாம். முடி கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்புகளில் கந்தகப் பிணைப்பு கெட்டியானது, தண்ணீருக்கு மசியாது. ஹைட்ரஜன் பிணைப்பு அப்படி இல்லை, நனைந்தால் விட்டுவிடும், காய்ந்தால் காய்ந்த நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் பின்னிய ஜடையைக் காய்ந்தபின் அவிழ்த்தால் அலை நிற்பது இதனால்தான். காற்றில் ஈரம் ஏறும்போது அந்த ஈரமே முடிக்குள் புகுந்து பிணைப்புகளை இங்கே அவிழ்த்து அங்கே கட்டுகிறது. ஒவ்வொரு முடியும் அதன் இஷ்டத்துக்குத் திரும்புகிறது. வறண்ட முடி காற்றில் இருக்கும் ஈரத்தை இன்னும் வேகமாகக் குடிக்கும். ஆக, பரட்டை என்பது குளிக்காத தலை இல்லை, தாகம் எடுத்த தலை. இதை என் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை. "வாரிக்கொண்டு வரத் தெரியாதா" என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தத்தான் தெரிந்தது.

வாருவதைப் பற்றியே ஒரு வார்த்தை. ஈரத்தலையை வாராதே என்பது பொதுவான அறிவுரை, நனைந்த முடி பலவீனமானது என்பதால். நேர் முடிக்கு அது சரி. சுருட்டை முடியைக் காய்ந்தபின் வாரினால் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருந்த சுருள்கள் ஒவ்வொரு முடியாகப் பிரிந்து பஞ்சாகப் பறக்கும், சிக்கில் மாட்டி அறுந்தும் போகும். எங்களுக்கு ஒரே வழி, கண்டிஷனரோ கஞ்சியோ வழுவழுவென்று தலையில் இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே போவது. வேரிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் கீழே போய் ஒரே முடிச்சாக உட்காரும். அம்மா என் தலையை இழுத்த இழுப்பு எல்லாம் வேரிலிருந்துதான்.

வேலைக்குப் பாரிமுனைப் பக்கம் போக ஆரம்பித்த பிறகு மின்சார ரயில். திருவொற்றியூரில் ஏறி, ராயபுரம் தாண்டிப் பீச் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் ஜன்னல் காற்று பின்னலைப் பிரித்து மேய்ந்துவிடும். கைப்பையில் எப்போதும் நாலு ஹேர்பின், ஒரு பெரிய கிளிப். மெட்ரோ ரயில் 2021-இல் விம்கோ நகர் வரை வந்ததில் எனக்குப் பெரிய லாபம் நேரம் இல்லை, மூடின ஜன்னலும் ஏசியும்தான்.

ரீபாண்டிங்கும் செய்துகொண்டேன். தங்கை கல்யாணத்துக்கு முன்னால், எம்.சி. ரோடில் துணி எடுத்த கையோடு. அரை நாள் உட்கார வைத்தார்கள். தயோகிளைகோலேட் என்ற ரசாயனம் அந்தக் கெட்டியான கந்தகப் பிணைப்பையே உடைக்கும். பிறகு சூடான இரும்பால் நேராக இழுத்து, பெராக்சைடு போட்டு அந்த நேர் வடிவத்திலேயே திரும்பப் பூட்டுவார்கள். அழுகின முட்டை வாடை ரெண்டு மூன்று குளியல் வரை போகாது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் கடைசியில் வருத்தப்படுவார்கள். எனக்கு வருத்தமே இல்லை. அந்தச் சில மாதங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன், குளித்த தலையோடு அப்படியே கிளம்பினேன், அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தது. ஆனால் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வளர்கிறது. வேரில் சுருள், கீழே கம்பி. இரண்டும் சேருகிற இடத்தில் உடைந்துகொண்டே வந்தது. மறுபடி போய் உட்காரக் காசும் இல்லை, பொறுமையும் இல்லை.

இப்போது வரும் கெரட்டின் ட்ரீட்மென்ட் வேறு சங்கதி. பலவற்றில் ஃபார்மால்டிஹைடு அல்லது சூட்டில் அதை வெளிவிடும் பொருள் இருக்கும். இரும்பு வைக்கும்போது கண்ணும் தொண்டையும் எரிந்தால் அதுதான் காரணம், அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பது உறுதியான விஷயம். அது இல்லை என்று சொல்லி விற்கும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதித்ததை இஸ்ரேலிலும் பிரான்சிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2022-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வந்தது. நேராக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். ரசாயனம்தான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை, தொடர்பு இருக்கிறது என்கிறது, அவ்வளவுதான். அவரவர் தலை, அவரவர் முடிவு. பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிள்ளை பிறந்தபின் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பிரசவத்துக்குப் பிறகு மூன்று நாலு மாதத்தில் இப்படிக் கொட்டுவது இயல்பு, ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடும் என்று நர்ஸம்மா சொன்னார், ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய பாடாக இருந்தது 2003, 2004-இல் வந்த வறட்சி. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை சின்டெக்ஸ் டேங்கில் குடம் போட்டவளுக்குச் சுருளாவது, அலையாவது. ஒரு கொண்டை, அவ்வளவுதான். அந்த வருஷங்களில் எடுத்த ஒரு போட்டோவிலும் என் முடி தெரியாது.

2010-இல் மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர். வட சென்னைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கடலை ஒட்டி வாழ்கிறவர்கள் நிலத்தடியில் இருந்து உறிஞ்சிக்கொண்டே இருந்தால் கடல் உள்ளே வரத்தான் செய்யும். மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் அப்படி உப்பானது பல பத்தாண்டுக் கதை. இப்போது கடலையே வடிகட்டிக் குடிக்கிறோம்.

அப்புறம் 2019. ஜூன் மாதம் ஏரிகள் காய்ந்து கிடந்தன. ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, ஜூலை 12-ஆம் தேதி முதல் வண்டி. லாரிக்கு டோக்கன் போட்டுக் காத்திருந்த நாட்கள். ஒருநாள் நானே போய்க் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேன். தண்ணி மிச்சம் என்ற எண்ணம்தான், ஃபேஷன் எல்லாம் இல்லை. வெட்டின பெண்ணிடம், நனைக்காமல் காய்ந்த தலையிலேயே வெட்டச் சொன்னேன். நனைந்த சுருள் நீண்டு தொங்கும், காய்ந்ததும் சுருங்கி மேலே ஏறிவிடும், எங்கே நிற்கும் என்று வெட்டுகிறவருக்கே தெரியாது. நீளம் போனதும் கனம் போனது. கனம் இழுத்துப் பிடித்திருந்த சுருள்கள் எல்லாம் விட்டால் போதும் என்று சுருண்டன. ஆபீசில் "யக்கா, பெர்ம் பண்ணீங்களா?" என்று கேட்டார்கள்.

அந்த வருஷம்தான் கர்லி கேர்ள் முறை என்று ஒன்று இருப்பதே என் போனுக்கு வந்தது. அமெரிக்காவில் சலூன் நடத்திய லொரெய்ன் மேசி என்பவர் பரப்பியது. நுரைக்காகச் சல்பேட் சேர்த்த ஷாம்பு கூடாது, வழுவழுப்புக்குச் சேர்க்கும் சிலிக்கோன் கூடாது, சீப்பு காய்ந்த தலையில் படக்கூடாது, கண்டிஷனரை நிறையப் போடு, சொட்டச் சொட்ட ஜெல் தடவு, துண்டால் தேய்க்காதே. பாதி சரி, மீதி நம் ஊருக்குச் சரிப்படாது. உப்புத் தண்ணி வீடுகளில் ஷாம்புவையே விட்டுவிட்டால் சில வாரங்களில் முடி மெழுகு பூசிய மாதிரி ஆகும். இங்கே மாதம் ஒருமுறையாவது ஈடிடிஏ உள்ள ஷாம்பு வேண்டும். அது கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். பாட்டிலின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று கிளிசரின். காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துக் கொடுக்கிற பொருள். வறண்ட ஊரில் வரம். எங்கள் கடலோரத்தில், அதுவும் ஐப்பசி மாதத்தில், இழுக்கிற ஈரத்தில் தலை உப்பிப் புடைத்துவிடும். கண்டிஷனரில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, குளித்தபின் தலையிலேயே விட்டுவிடும் க்ரீமில் முதல் நாலைந்து பெயருக்குள் இருந்தால் வாங்காதீர்கள்.

நான் செய்வது இதுதான். முந்தின நாள் ராத்திரி தேங்காய் எண்ணெய், மண்டைக்கு இல்லை, முடியின் நீளத்துக்கு. குளிப்பதற்கு முன் வைக்கும் தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003-இல் மும்பையில் ஓர் ஆய்வு வந்தது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தக் குணம் இல்லை என்றது. செய்தது தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனியின் ஆய்வுக்கூடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் என் தலையில் பலிக்கிறது.

காலையில் போர் தண்ணியில் நனைத்து, மண்டையில் மட்டும் ஷாம்பு, அலசுவதும் போர் தண்ணியில்தான். இதுவரை நல்ல தண்ணி தொடவே இல்லை. இனிமேல் ஒரு குடம் நல்ல தண்ணியை அகலமான பேசினில் ஊற்றி, கண்டிஷனரைத் தலையில் தேய்த்துச் சிக்கெடுத்து, தலையைக் கவிழ்த்துப் பேசினுக்குள் முக்கி, கை நிறைய அள்ளிக் கசக்கி விடுவேன். தண்ணி பால் நிறமாகும். அதே தண்ணியில் மறுபடி மறுபடி முக்கிக் கசக்க, முடி கடற்பாசி மாதிரி சளக் சளக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வந்தால் முடி குடித்துவிட்டது என்று அர்த்தம். ஷவர்க்காரர்கள் ஐம்பது லிட்டரில் செய்வதைப் பேசினில் ஒரு குடம் செய்கிறது. இரண்டாவது குடத்தில் அரைக் குடம் லேசாக அலச, மிச்சத்தில் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து கடைசியாக ஊற்ற. பேசின் தண்ணி கக்கூசுக்கு.

துவட்ட ஈரிழைத் துண்டு. டர்க்கி டவல் எல்லாம் ஓரமாகப் போகட்டும், அதன் நூல்கண்ணிகள் சுருளைப் பிய்த்துவிடும். சொட்டுகிற தலையில் ஜெல் தடவி, துண்டால் கீழிருந்து மேலாக ஏந்திப் பிழிந்து, விட்டுவிட வேண்டும். காயும்வரை கை வைக்கக் கூடாது. முறை முழுக்க இதுதான் கஷ்டமான பகுதி, ஏனென்றால் சென்னை ஈரத்தில் காய்வதற்குள் மத்தியானமாகிவிடும். அம்மா இருந்தவரை "தலையில நீர் கோத்துக்கும்டி" என்று சாம்பிராணிக் கரண்டியோடு பின்னாலேயே சுற்றும். புகை வாசனைக்குச் சரி, காயவைக்க மின்விசிறிதான்.

ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியே போகும் தண்ணியைத் தலைக்குப் பிடிக்கலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். வேண்டாம், அதில்தான் உப்பெல்லாம் ஒதுங்கி வருகிறது. மழைத் தண்ணி பிடியுங்கள். மொட்டை மாடியில் முதல் கால் மணி நேரத்து மழையை விட்டுவிடுங்கள், எண்ணூர்ப் பக்கத்துக் கரித்தூசி எல்லாம் அதில் இறங்கும். பிறகு பிடிப்பது கால்சியமே இல்லாத மெத்தென்ற தண்ணி. ஐப்பசி, கார்த்திகையில் காற்று முடிக்குப் பகை, வானம் உறவு.

நரை வந்தபிறகு கணக்கு கொஞ்சம் மாறியது. என் நரைமுடிகள் கருப்பைவிட முரடு, தனியாக விறைத்து நிற்கின்றன. மருதாணி போட்டுப் பார்த்தேன், நிறம் அழகு. ஆனால் அது கெரட்டினோடு ஒட்டிக்கொள்ளும் சாயம், போடப் போடச் சுருள் தளர்ந்தது. கருப்பு டை போடுகிறவர்கள் பிபிடி என்ற பொருள் இருக்கிறதா என்று பார்த்து, காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அலர்ஜி வந்தால் முகமே வீங்கும். நான் இரண்டையும் நிறுத்திவிட்டேன். இப்போது சாம்பல் சுருள்.

பையன் வளர்ந்துவிட்டான். தாத்தாவைப் போல் ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தவன் லாக்டவுனில் சலூன் மூடியபோது வளர விட்டான், அப்புறம் வெட்டவே இல்லை. என் அப்பா வழி முடி அப்படியே இறங்கியிருக்கிறது, என்னுடையதைவிட இறுக்கமான சுருள். ஆரம்பத்தில் "பொம்பள மாதிரி இன்னாடா இது" என்று அவன் அப்பா முனகினார், இப்போது பழகிவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் பேசின் ஒன்று, சுருட்டைத் தலை ரெண்டு, லாரி வந்தது வெள்ளிக்கிழமை. நான் முக்கிய தண்ணியிலேயே அவனும் முக்க மாட்டானாம், அருவருப்பாம். "அப்போ குடம் தூக்கு" என்றேன். மூன்று மாடி தூக்குகிறான்.

ஜெல்லும் அவன்தான் காய்ச்ச வேண்டும் என்பது என் நிபந்தனை. ரெண்டு டேபிள்ஸ்பூன் ஆளி விதை, ஒன்றரை டம்ளர் நல்ல தண்ணி, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் முட்டை வெள்ளைக்கரு பதம் வரும். கரண்டியில் இருந்து நூலாக இறங்கும்போது அடுப்பை அணைத்து, சூட்டோடு துணியில் வடிகட்ட வேண்டும். ஆறவிட்டால் விதையைப் பிரிக்கவே முடியாது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். அதற்குமேல் வைத்தால் வாடை வரும். அவன் தோசை மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுவான், எனவே டப்பாமேல் தேதி எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.